மகள் கையில் துவக்கு வேண்டுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மூத்த மகள் ஏ.எல். முடித்துவிட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கிற வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நேர்முகப் பரீட்சையும் முடிந்துவிட்டது. என் தங்கச்சி குவைத்துக்குப் போனபோது வழியனுப்பப் போயிருந்தோம். வெளியே துவக்கோடு நிற்கிறார்கள். உள்ளே பெட்டியைச் சோதிக்கிற பிள்ளைகள் கையில் ஒன்றுமே இல்லை என்று தங்கச்சி போனில் சொன்னாள். என் தம்பி எங்கள் ஸ்டோரில் இரவு வாச்சர். அவனுக்கும் டோர்ச்சும் பொல்லும்தான், ஆனால் அங்கே வருகிறவன் தேயிலைத்தூள் திருடன். எயார்போர்ட்டுக்கு வருகிறவன் குண்டு வைக்கிறவன் இல்லையா? முன்னால் நிற்கிற பிள்ளைக்கு ஒரு பிஸ்டலாவது கொடுக்க வேண்டாமா? கொடுத்தாலும் எனக்குப் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். இன்னொன்று: தங்கச்சி கொண்டுபோன தேயிலைத்தூளை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்களாம். அது ஏன்?

பெயர் வெளியிட விரும்பாத தாய், ஹட்டன்

பதில்: அம்மா, உங்கள் மகளுக்குத் துப்பாக்கி கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறாளே என்று நீங்கள் பதறுவதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்குவது பிஸ்டல் இல்லை, வேறு ஏற்பாடுகள். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டுநாயக்கவில் நீங்கள் வெளியே பார்த்த துவக்குகள் விமானப்படைக்கும் பொலிசுக்கும் உரியவை. உள்ளே பெட்டியை எக்ஸ்ரேயில் போட்டுப் பார்ப்பதும், ஆளைத் தடவிப் பார்ப்பதும் விமான நிலையத்தை நடத்தும் அரச நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் வேலை. இப்படிப் பிரித்து வைத்திருப்பது காசு மிச்சம் பிடிக்க அல்ல. சோதிப்பதும் சுடுவதும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலைகள் இல்லை.

உங்கள் மகள் நாள் முழுக்க என்ன செய்வாள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து கையை விரித்து நிற்பாள். மகள் குனிந்து அவளுடைய கணுக்கால் வரை தடவிப் பார்ப்பாள். பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள். ஒவ்வொரு ஆளுக்கும் அவள் கைக்கெட்டும் தூரத்தில், பல நேரம் குனிந்தபடி, இரண்டு கையும் வேலையில் இருக்க நிற்க வேண்டும். அந்த நிலையில் இடுப்பில் ஒரு பிஸ்டல் தொங்கினால் அது அவளுக்குக் கிட்டவா, முன்னால் நிற்கிறவருக்குக் கிட்டவா? ஆயுதப் பயிற்சி எடுத்த எவரையும் கேளுங்கள், முதல் பாடமே துப்பாக்கிக்கும் மற்றவன் கைக்கும் நடுவில் தூரம் வைத்திரு என்பதுதான். சோதனையாளரின் தொழிலோ அந்தத் தூரத்தை இல்லாமல் ஆக்குவது.

2017 மார்ச் 18ஆம் திகதி பாரிசின் ஓர்லி விமான நிலையத்தில் இது கண்முன்னே நடந்தது. அங்கே படையினர் மூன்று பேராகச் சுற்றிக் காவல் பார்ப்பது வழக்கம். ஒருவன் பாய்ந்து வந்து அந்த மூவரில் இருந்த பெண் வீரரைப் பிடித்து, அவருடைய ரைபிளையே பறித்தான். கூட இருந்த இரண்டு பேர் அவனைச் சுட்டுக் கொன்றதால் கூட்டம் தப்பியது. அவர் பயிற்சி பெற்ற படை வீரர், வேறு வேலை எதுவும் இல்லாமல் காவலுக்கென்றே நின்றவர், பக்கத்தில் இரண்டு துணை வேறு. அவரிடமிருந்தே பறிக்க முடிந்தது.

கூட்டத்துக்குள் சுடுவது என்பது இன்னொரு பிரச்சினை. 2015 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் விமான நிலையத்தில் ஒருவன் பூச்சி மருந்தைத் தெளித்துக்கொண்டு, பெரிய கத்தியோடு சோதனை நிலையத்துக்குள் புகுந்தான். காவலில் இருந்த பொலிஸ் அதிகாரி அவனைச் சுட்டு வீழ்த்தினார். அவர் செய்தது சரியே, பல உயிர் தப்பியது. ஆனாலும் ஒரு குண்டு விலகி சோதனையாளர் ஒருவரின் கையில் பட்டது. சுடுவதையே தொழிலாகப் பழகியவருக்கு இந்த நிலை என்றால், எக்ஸ்ரே திரையிலிருந்து கண்ணை எடுத்து அந்தக் கணமே பிஸ்டலை உருவ வேண்டிய பிள்ளையின் குண்டு எங்கே போகும்?

நீங்கள் சொல்வதற்குப் பலம் சேர்க்கும் சம்பவம் ஒன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2013 நவம்பர் 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் 3ஆம் முனையத்தில் ஒருவன் பையிலிருந்து ரைபிளை எடுத்து, பயணிகளின் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெரார்டோ ஹெர்னாண்டஸ் என்ற சோதனையாளரைச் சுட்டுக் கொன்றான். மேலும் சிலரைக் காயப்படுத்தினான். அமெரிக்காவில் சோதனை வேலைக்கென்றே 2001இல் ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தார்கள். அதில் பணியிலிருக்கும்போது கொல்லப்பட்ட முதல் ஆள் ஹெர்னாண்டஸ்தான். அவர்களுடைய தொழிற்சங்கம் உடனேயே கேட்டது, எங்களில் ஒரு பிரிவினருக்காவது ஆயுதம் கொடுங்கள் என்று. கேட்டதில் பிழையில்லை. ஒரு சங்கம் தன் ஆள் செத்துக் கிடக்கும்போது வேறு எதைக் கேட்கும்?

ஆனால் விசாரித்தபோது வெளியே வந்தவை வேறு. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஆயுதப் பொலிசார் இருவர், யாருக்கும் அறிவிக்காமல் சற்று முன்புதான் விலகிப் போயிருந்தார்கள். அவசரத் தொலைபேசியை எடுத்தவர் பேச முன்பே உயிருக்கு ஓட வேண்டியதாயிற்று. அழைப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்று மறுமுனையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. சுடப்பட்டவர் அரைமணி நேரத்துக்கு மேல் மருத்துவ உதவி கிடைக்காமல் தரையில் கிடந்தார். இதையெல்லாம் பார்த்துவிட்டு 2014இல் அந்த அமைப்பு எடுத்த முடிவு, சோதனையாளருக்குத் துப்பாக்கி இல்லை, கூட்ட நேரத்தில் ஆயுதப் பொலிசார் சோதனை நிலையத்தை விட்டு விலகாமல் இருக்க வேண்டும், அபாயப் பொத்தான்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதுதான். அங்கே ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் இரண்டாவது ஆளாவது காயமில்லாமல் தப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், இருக்கலாம் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு நாளுக்காக மற்ற எல்லா நாளும் ஆயிரக்கணக்கான இடுப்புகளில் அதைத் தொங்கவிட வேண்டும் என்பதுதான் கணக்கில் இடிக்கிறது.

அதே அமைப்பின் இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் கைப்பொதிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூறில் தொண்ணூறுக்கும் மேல் குண்டு நிரப்பியவை. அத்தனையையும் கண்டுபிடித்தவர்கள் கையில் ஆயுதம் இல்லாதவர்கள். திரையில் பிஸ்டலின் உருவம் தெரிந்ததும் அவர்கள் வீரம் காட்டப் போவதில்லை. பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பொலிசைக் கூப்பிடுவார்கள், பெட்டி கூண்டுக்குள்ளேயே இருக்கும்.

தேயிலைத்தூளுக்கு வருகிறேன். எக்ஸ்ரே திரை பொருட்களை நிறம் பிரித்துக் காட்டும். இரும்பு, பித்தளை நீலமாக வரும். மரம், துணி, சாப்பாடு, பிளாஸ்டிக் போன்றவை செம்மஞ்சளாக வரும். துரதிர்ஷ்டம், வெடிமருந்துகளில் பலவும் அதே செம்மஞ்சள்தான். இரண்டு கிலோ தூளை நெருக்கி அடைத்து, டேப் சுற்றி, நடுவில் கருவாட்டுப் பொதியையும் சம்பல் போத்தலையும் சொருகினால் திரையில் அது ஒரே தடித்த கட்டியாகத் தெரியும். பக்கத்தில் கைபேசி சார்ஜரின் வயர் வேறு. பிரிக்காமல் விட்டால்தான் அந்தப் பிள்ளை வேலை தெரியாதவள். தங்கச்சி அடுத்த முறை தூளைத் தனித்தனிச் சின்னப் பைக்கற்றுகளாக, வயர்களிலிருந்து தள்ளி வைக்கட்டும். சம்பல் போத்தலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடட்டும்.

இந்தத் திரையைப் பார்ப்பதுதான் உண்மையான காவல் என்பது என் எண்ணம். ஸ்டோரில் தூளுக்குள் கிடக்கும் நாரைப் பொறுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி கழிந்தால் நாரும் தூளும் ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிடும், கண் மரத்துப்போகும். எக்ஸ்ரே பார்க்கிறவருக்கும் அப்படியே. அதனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது பல நாடுகளில் விதி. நவீன இயந்திரங்களில், இல்லாத குண்டின் படத்தை இருக்கிற பெட்டிக்குள் காட்டி, பார்க்கிறவர் விழிப்பாக இருக்கிறாரா என்று இயந்திரமே சோதிக்கும். கவனம் முழுவதையும் இப்படி அந்தத் திரைக்குக் கொடுக்க வேண்டியவளிடம், இடுப்பில் இருக்கிற துப்பாக்கியையும் பாதுகாத்துக்கொள் என்று சொன்னால் இரண்டுமே பாதியாகத்தான் நடக்கும்.

குண்டு வைக்கிறவன் வருவானே என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1984 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு சென்னை மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பது பேர் அளவில் இறந்தார்கள், அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொடுக்கப்பட்ட சூட்கேசுகளில் வந்த குண்டு அது. கொடுத்த ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் ஏறக்கூடாது என்ற விதி உலகமெங்கும் இறுக்கமானது அதற்கு அடுத்த வருடம்தான், எயார் இந்தியா கனிஷ்கா விமானம் 329 பேரோடு கடலில் விழுந்த பிறகு. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் மாலைதீவுக்குப் புறப்பட இருந்த எயார் லங்கா விமானத்துக்குள் குண்டு வெடித்து 21 பேர் பலியானார்கள். விமானம் தாமதமாகி இன்னும் தரையில் நின்றதால்தான் பலி அதோடு நின்றது. இந்த இரண்டு இடத்திலும் சோதனையாளர் இடுப்பில் பிஸ்டல் இருந்திருந்தால் யாரைச் சுட்டிருப்பார்? சூட்கேசையா?

கட்டுநாயக்கவில் 2001 ஜூலை 24 விடியற்காலை நடந்த தாக்குதலோ இதற்கு நேர் எதிர். புலிகள் விமானப்படைத் தளத்துக்குள் புகுந்து, அங்கிருந்து பயணிகள் விமானங்கள் நின்ற பக்கத்துக்கு வந்தார்கள். அது துவக்குக்குப் பஞ்சமே இல்லாத இடம். வேலியில் விட்ட ஓட்டையை சோதனை மேசையில் நிற்கிற பிள்ளை பிஸ்டலால் அடைக்க முடியாது.

அண்மையில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாள உலகக் கோஷ்டியைச் சேர்ந்த கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார்கள். சட்டத்தரணி வேடத்தில் வந்தவனுக்குத் துப்பாக்கி, நடுவில் தாள்களை வெட்டிய சட்டப் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தது. கட்டடம் நிறையப் பொலிஸ். கோட்டு போட்டவரின் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஆயுதம் தாங்கியவர்கள் போதிய அளவு இருந்தார்கள், சோதித்தவர்கள் இல்லை.

சண்டை சச்சரவும் ஒன்று இருக்கிறது. குண்டு வைக்கிறவன் ஒரு சோதனையாளரின் முழு வாழ்நாளிலும் வராமலே போகலாம். கோபக்காரப் பயணி ஒவ்வொரு மணித்தியாலமும் வருவார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் கத்துவார், நான் யார் தெரியுமா என்பார். சோதிக்கிறவரும் மனிதர்தானே. 2024 ஜூன் மாதம் இந்தியாவின் சண்டிகர் விமான நிலையத்தில், சோதனை முடிந்து வந்த நடிகை கங்கனா ரணாவத்தை அங்கே பணியிலிருந்த பெண் காவலர் கன்னத்தில் அறைந்தார். விவசாயிகள் போராட்டத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சுதான் காரணமாம். அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே வேண்டாம். அந்தக் கோபம் அறையோடு முடிந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவைச் சொன்னதால், உங்கள் மகள் யாரிடமாவது கேட்டுக் குழம்பக்கூடாது என்று ஒரு விளக்கம். 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் தொடங்கி, அங்கே விமான நிலையங்களை மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்தார்கள். அங்கே சோதிக்கிறவர்களும் ஆயுதப் படையைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் வாசலில் ரைபிளோடு நிற்பவர் ஒருவர், உள்ளே மேடையில் நிறுத்தி உடலில் கருவியை ஓட்டிப் பார்ப்பவர் இன்னொருவர். ஒரே சீருடைக்குள்ளேயும் அந்த இரண்டு வேலையையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சச்சரவும் துவக்கும் ஒன்றாகச் சேர்வதில் மலையகத்துக்குத் தனி அனுபவம் உண்டு. முல்லோயா தோட்டத்தில் 1940இல் கோவிந்தன், டெவன் தோட்டத்தில் 1977இல் சிவனு லெட்சுமணன், இரண்டு பேரும் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள். ஒன்று வேலைநிறுத்த காலம், மற்றது தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த கூட்டம். வாய்ப்பேச்சு சூடாகிற இடத்தில் துவக்கும் இருந்தால் பேச்சு எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். யுத்த காலத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்கள் சோதனைச் சாவடிகளில் பட்டபாடும் அப்படித்தான். அடையாள அட்டையைக் கேட்டவரும், பையைக் கொட்டிக் கிளறியவரும், தோளில் டி-56 ரைபிள் மாட்டியிருந்தவரும் ஒரே ஆள். அட்டை இல்லாதவன் என்ன பதில் சொல்வான்? சிங்களத்தில் கேட்ட கேள்வி புரிந்தாலும் நாக்கு எழாது. சோதனை என்பது பாதி பார்ப்பது, பாதி கேட்பது. இந்தப் பெட்டியை யார் அடுக்கினது, யாராவது ஏதாவது கொண்டுபோகத் தந்தார்களா என்று கேட்டால் பயமில்லாதவர்தான் ஒழுங்காகப் பதில் சொல்வார். பயந்தவர் எல்லோரும் குற்றவாளி மாதிரியே தெரிவார்கள், உண்மையான குற்றவாளி அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவான்.

அதனால்தான் உங்கள் மகள் அந்த வேலைக்குப் போவதை நான் விரும்புகிறேன். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ முதன்முறை குவைத்துக்குப் போகிற பெண்ணைப் பாருங்கள். தாலி, வளையல், மெட்டி எல்லாம் சேர்ந்து இயந்திரம் கத்தும். ஓரமாக வரச் சொல்வார்கள். அவளுக்கு ஒன்றும் புரியாது, அழுதுவிடுவாள். அக்கா பயப்படாதீங்க, மெட்டியாலதான் கத்துது, இப்படி வாங்க என்று தமிழில் ஒரு குரல் வந்தால் அந்த வரிசை எவ்வளவு வேகமாக நகரும்! ஏஜென்சிக்காரன் கையில் திணித்துவிட்ட பொதியைப் பற்றியும் அவள் அந்தக் குரலிடம்தான் வாய் திறப்பாள்.

சட்டப்படியும் இதைப் பார்த்துவிடலாம். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சுட வேண்டிய கட்டம் வந்தால் பொலிசுக்கும் படைக்கும் அதற்கான அதிகாரமும், கட்டளை கொடுக்க மேலதிகாரியும் இருக்கிறார்கள். நிறுவனத்து ஊழியருக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தற்காப்பு உரிமை மட்டும். பிழை நடந்தால் வழக்கில் தனியாக நிற்கப்போவது அந்தப் பிள்ளை.

இனி உங்கள் பயத்துக்கு. மகளுக்கு வேலை கிடைத்தால், முதல் வாரத்திலேயே தன் மேற்பார்வையாளரிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அபாயப் பொத்தான் எங்கே இருக்கிறது, கடைசியாக அதை எப்போது அழுத்திச் சோதித்தார்கள்? அழுத்தினால் ஆயுதத்தோடு வருகிறவர் எங்கே நிற்கிறார், அவர் சாப்பிடப் போனால் அந்த இடத்துக்கு யார் வருவார்? அவள் நிற்கிற இடத்திலிருந்து ஓட எந்தக் கதவு? லொஸ் ஏஞ்சலிசில் ஆளைக் கொன்றது பாதி ரைபிள் என்றால் மீதி இந்தக் கேள்விகளுக்கு அங்கே பதில் இல்லாமல் போனதுதான். இரத்தத்தை நிறுத்தக் கட்டுப்போடும் பயிற்சி கொடுத்தால் தட்டாமல் போகட்டும், அது துப்பாக்கிப் பயிற்சியைவிட அவளுக்கு உதவும்.

இரவு ஷிப்ட் முடிந்து தங்குமிடத்துக்கு எதில் போவாள் என்பதையும் மறக்காமல் விசாரியுங்கள். உண்மையில் குண்டுக்காரனைவிட எனக்கு அதில்தான் கவலை அதிகம். அதிகாலையில் கட்டுநாயக்க வீதியில் தனியாக ஆட்டோ தேடி நிற்கும் நிலை இருந்தால், வாகனம் வேண்டும் என்று எழுத்தில் கேட்கட்டும். தனியாகக் கேட்கத் தயங்கினால் கூட வேலை செய்யும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும், அங்கேயும் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன.